டாலர் இல்லாத வாணிபம்: பாரம் யார் தலையில்?

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து, பாயைச் சுருட்டுகிற நேரத்தில், பனியன் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காரும் ஒரு தோழர் எழுந்து கேட்டார்: "அண்ணே, மூன்று வாரமாகச் சனிக்கிழமைக் கூலி நிற்கிறது. கேட்டால், 'நான் என்னப்பா செய்வேன்? வெளிநாட்டுக்காரன் டாலரில் தர முடியாது, ரூபிளில்தான் தருவேன் என்கிறான். அந்தப் பணம் பாங்கிலே வந்து சேரவில்லை' என்று முதலாளி கையை விரிக்கிறார். ரூபிள் வராததற்கும் என் வீட்டு அரிசிப் பானைக்கும் என்ன சம்பந்தம்?"

பக்கத்தில் இருந்த விவசாயத் தொழிலாளத் தோழர் உடனே சொன்னார்: "எங்கள் அப்பா காலத்தில் மிராசுதார் கூலிக்குப் பதில் துண்டுச் சீட்டு எழுதிக் கொடுப்பார். அது அவருடைய மைத்துனன் கடையில்தான் செல்லும். அந்தக் கடையில் புழுத்த அரிசி இருந்தால் புழுத்த அரிசிதான். ஒன்றும் இல்லையென்றால் சீட்டை மடியில் கட்டிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். உங்கள் ரூபிளும் அந்த மாதிரிச் சீட்டுத்தானோ?"

அந்தத் தோழர் பொருளாதார நூல் எதையும் படித்தவர் அல்லர். ஆனால் விஷயத்தின் ஆணிவேரைப் பிடித்துவிட்டார்! அவர் சொன்ன சீட்டை வைத்துக்கொண்டே இன்று பேசுவோம். உலகத்தில் அதிகம் புழங்காத நாணயத்தில் நாடுகளுக்கிடையே எப்படிப் பணம் பட்டுவாடா ஆகிறது? அதில் லாபம் யாருக்கு, நஷ்டம் யாருக்கு? அந்த நஷ்டம் நம் கூலியின் தலையில் வந்து விழலாமா? இவைதான் நம் கேள்விகள்.

பணம் கப்பல் ஏறுவதில்லை

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்வோம். சரக்குதான் கப்பல் ஏறுகிறது, பணம் ஏறுவதில்லை. தூத்துக்குடியில் பனியன் மூட்டைகள் கப்பலேறினால், அந்தப் பக்கத்திலிருந்து நோட்டுக் கட்டுகள் மூட்டையாகத் திரும்பி வருவதில்லை. பாங்குப் பேரேட்டில் ஓர் இடத்தில் பற்று எழுதப்படுகிறது. இன்னோர் இடத்தில் வரவு எழுதப்படுகிறது. அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு எழுத, ஒரு நாட்டுப் பாங்கு இன்னொரு நாட்டுப் பாங்கில் கணக்கு வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டுப் பாங்கு நம் பாங்கில் வைத்திருக்கும் கணக்கை 'வாஸ்ட்ரோ' என்கிறார்கள். நம் பாங்கு வெளிநாட்டில் வைத்திருக்கும் கணக்கை 'நாஸ்ட்ரோ' என்கிறார்கள். பெரிய வார்த்தைகளாக இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். இத்தாலிய மொழியில் ஒன்றுக்கு 'உங்களுடையது' என்று பொருள். மற்றதற்கு 'எங்களுடையது' என்று பொருள்.

ரஷ்யப் பாங்கு ஒன்று நம் நாட்டுப் பாங்கில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கிறது என்று கொள்வோம். இங்கே எண்ணெய் வாங்கும் கம்பெனி, விலையை ரூபாயாக அந்தக் கணக்கில் கட்டுகிறது. அங்கே பனியன் வாங்கும் வியாபாரி, தன் ஊர்ப் பாங்கில் ரூபிளைக் கட்டுகிறான். உடனே இங்கேயுள்ள கணக்கிலிருந்து ரூபாயை எடுத்து, பனியன் அனுப்பியவருக்கு வரவு வைக்கிறார்கள். ரூபிள் ரஷ்யாவை விட்டு நகரவில்லை. ரூபாய் இந்தியாவை விட்டு நகரவில்லை. ஆனாலும் எண்ணெய்க்கும் பனியனுக்கும் விலை தீர்ந்துவிட்டது!

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பின் ஏன் உலகமெல்லாம் டாலர், டாலர் என்று அலைகிறது?

எல்லாக் கடையிலும் செல்லும் சீட்டு

மிராசுதார் சீட்டு ஒரு கடையில் செல்லும். டாலர் எல்லாக் கடையிலும் செல்லும். வித்தியாசம் இதுதான்.

1944-ல், இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், பிரெட்டன் உட்ஸ் என்ற இடத்தில் கூடிய மாநாட்டில் டாலரை நடுவே வைத்து உலக நாணய ஏற்பாடு ஒன்றைச் செய்தார்கள். ஓர் அவுன்ஸ் தங்கத்துக்கு 35 டாலர் என்று அமெரிக்கா வாக்குக் கொடுத்தது. 1971 ஆகஸ்ட் 15-ஆம் தேதி அந்த வாக்கை அமெரிக்காவே கைவிட்டது. தங்கம் போயிற்று, டாலரின் ஆதிக்கம் மட்டும் போகவில்லை. 2022 ஏப்ரலில் உலக நாணயச் சந்தையைக் கணக்கெடுத்தபோது, நடந்த கொள்வினை கொடுப்பினையில் நூற்றுக்கு 88-ல் ஒரு பக்கம் டாலர் இருந்தது. அதாவது, ஏதோ ஒரு நாணயத்தைக் கொடுத்து இன்னொரு நாணயத்தை வாங்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் டாலர் வாசல் வழியாகத்தான் போய் வருகிறார்கள்.

அதிகம் புழங்காத நாணயம் என்றால் என்ன? ரூபிள், நைஜீரியாவின் நைரா, எகிப்தின் பவுண்டு, நம் ரூபாய் போன்றவை. ஒவ்வொன்றும் அதனதன் நாட்டில் ராஜா. ஆனால் நைராவை நேரே ரூபாயாக மாற்ற ஆள் தேடினால் கிடைப்பது அரிது. ஆகவே நைராவைக் கொடுத்து டாலர் வாங்கி, டாலரைக் கொடுத்து ரூபாய் வாங்குகிறார்கள். இரண்டு கைமாற்று, இரண்டு தரகு. உதாரணத்துக்கு, ஒவ்வொரு கைமாற்றிலும் நூற்றுக்கு ஒன்று போகிறது என்று வைத்துக்கொள்வோம். 10 லட்சம் ரூபாய்ச் சரக்கில் 19,900 ரூபாய் பாங்குகளுக்குப் போய்விடும். நூல் நூற்றவனுக்கும் இல்லை, துணி தைத்தவளுக்கும் இல்லை, உடுத்துகிறவனுக்கும் இல்லை; வாசலில் நிற்கிறவனுக்கு!

தரகோடு போனால்கூடப் பரவாயில்லை. வாசல் யார் கையில் இருக்கிறதோ, அவர் கதவைச் சாத்தவும் முடியும். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் ரஷ்ய மத்திய பாங்கு வெளிநாடுகளில் வைத்திருந்த சுமார் 30,000 கோடி டாலரை முடக்கின. பாங்குக்குப் பாங்கு செய்தி அனுப்பும் 'ஸ்விஃப்ட்' என்ற அமைப்பிலிருந்து ஏழு ரஷ்யப் பாங்குகளை மார்ச்சு மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் விலக்கியது. அந்தப் போரைப் பற்றிய வாதம் வேறு. அதற்கு வேறொரு நாள் கூடுவோம். இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: எல்லாக் கடையிலும் செல்லும் சீட்டு, அதை அச்சடிக்கிறவர் முகம் சுளித்தால் ஒரு கடையிலும் செல்லாது போகும்.

ஆகவே டாலரை விட்டு விலகி, அவரவர் நாணயத்தில் வாணிபம் செய்ய வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. நம் நாட்டுக்கு அது புதிதும் அல்ல.

ரூபாயில் வந்த இயந்திரம்

சுதந்திரம் பெற்ற பத்தாண்டுக்குள், 1957–58-ல், நம் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்துபோயிற்று. ஆலை வேண்டும், இயந்திரம் வேண்டும். வாங்க டாலரோ ஸ்டெர்லிங்கோ போதவில்லை. அந்தக் காலத்தில் சோவியத் யூனியனோடு வேறொரு வழி இருந்தது. 1953 டிசம்பரில் செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தம் கணக்கை ரூபாயில் தீர்க்க இடம் தந்தது. 1958-ன் ஒப்பந்தம் அதை முழுமையாக்கியது. அவர்கள் விற்ற இயந்திரத்துக்கு நாம் ரூபாய் வரவு வைத்தோம். அந்த ரூபாயை அவர்கள் வேறு நாணயமாக மாற்றிக் கொண்டுபோக முடியாது. இங்கேயே தேயிலை, சணல், தோல், முந்திரிப்பருப்பு, புகையிலை, பின்னலாடை என்று சரக்காக வாங்கிப் போக வேண்டும்.

பிலாய் உருக்காலைக்கு 1955-ல் ஒப்பந்தமாயிற்று. நூற்றுக்கு இரண்டரை வட்டியில் கடன். பன்னிரண்டு வருஷத் தவணை. முதல் ஊதுலை 1959 பிப்ரவரியில் எரிந்தது. நம் நெய்வேலி அனல் மின் நிலையமும் சோவியத் துணையோடு எழுந்ததுதான். 1962-ல் அதன் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. தோழர்களே, நெய்வேலி மின்சாரத்தில் சுழன்ற கதிர்களுக்கு விலை எங்கே தீர்ந்தது? நீலகிரிச் சரிவில் கொழுந்து கிள்ளிய கைகளும், முந்திரி உடைத்துப் புண்ணான கைகளும் அந்த விலையில் பங்கு செலுத்தின. நாணயத்தின் முகமூடியை எடுத்துவிட்டுப் பார்த்தால், உழைப்புக்கு உழைப்பு மாறியது தெரியும்.

மிராசுதார் சீட்டுக்கும் இதற்கும் என்ன வேற்றுமை? அந்தச் சீட்டு ஒரு கடையில்தான் சென்றது. ரூபாயும் சோவியத்துக்கு ஒரு கடையில்தான் சென்றது. ஆனால் இங்கே கடையில் அவர்களுக்கு வேண்டிய சரக்கு இருந்தது; எவ்வளவு வாங்குவது, எவ்வளவு விற்பது என்று வருஷா வருஷம் இரு அரசுகளும் உட்கார்ந்து பேசித் திட்டம் போட்டன. ஆகவே சீட்டு செல்லுபடியாயிற்று. இதை மனத்தில் வைத்துக்கொள்வோம். அரிய நாணயத்தில் நடக்கும் வாணிபத்துக்கு உயிர்நாடி இதுதான்: சீட்டைப் பெறுகிறவனுக்கு நம் கடையில் வாங்கச் சரக்கு வேண்டும்.

எந்த நாள் விலை?

அந்த ஏற்பாட்டிலும் முள் இருந்தது. அதை மறைத்துப் பேசுவது நமக்கு அழகல்ல.

1966 ஜூன் 6-ஆம் தேதி ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். டாலருக்கு 4 ரூபாய் 76 காசாக இருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. 'எங்கள் கடன்தான் ரூபாயில் இருக்கிறதே, நமக்கென்ன?' என்று இருக்க முடிந்ததா? இல்லை. ரூபாயின் தங்க மதிப்பு மாறினால் பாக்கியும் அதே விகிதத்தில் மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்தது. அந்த விகிதப்படி நூறு ரூபாய்ப் பாக்கி, நூற்று ஐம்பத்தேழு ரூபாய்ச் சொச்சம் ஆகும். ஒரு வரி ஷரத்து! ஒரே நாளில் கடன் பாதிக்கு மேல் ஏறிவிட்டது.

1978 நவம்பரில் இன்னோர் ஏற்பாடு வந்தது. ஒரு ரூபிள் பத்து ரூபாய் என்று தொடங்கி, பல நாணயங்களின் கூட்டு மதிப்பு ஏறினால் ரூபிளின் விலையும் ஏறும் என்று எழுதினார்கள். ரூபாய் இறங்க இறங்க ரூபிளின் கணக்கு விலை ஏறியது. 1990 தொடக்கத்தில் ஒரு ரூபிள் ஏறக்குறைய 19 ரூபாய் 92 காசு.

1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. ரூபிள் சரிந்தது. 1992 முடிவில் ஒரு டாலருக்கு 400 ரூபிளுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. சந்தை விலையில் ஒரு ரூபிள் பத்துக் காசும் பெறாது. ஆனால் 1993 ஜனவரி 28-ஆம் தேதி புது தில்லியில் செய்த ஒப்பந்தத்தில், பெரும்பகுதி ஆயுதம் வாங்கியதால் வந்த பழைய கடனை எந்த விலையில் கணக்கிட்டார்கள்? பெரும் பங்கை 1990 ஜனவரி விலையில். 19 ரூபாய் 92 காசில்! கடனில் நூற்றுக்கு 63 பங்கை 12 ஆண்டில் கட்டுவது; மீதி 37 பங்கை வட்டியில்லாமல் 45 ஆண்டில் கட்டுவது.

இது அநியாயம் என்று சொன்னவர்கள் உண்டு. 'ரூபிளுக்கு மதிப்பு இருந்த காலத்தில் சரக்கு வாங்கிவிட்டு, மதிப்பு போன காலத்துக் காசில் கடனைத் தீர்ப்பது நியாயமா?' என்று எதிர்க்கேள்வி போட்டவர்களும் உண்டு. இரண்டு பக்கத்திலும் வாதம் இருக்கிறது. நமக்கு வேண்டிய பாடம் வேறு. எந்த நாணயம் என்பதைவிட, எந்த நாள் விலை என்பதே பல சமயம் பெரிய கேள்வி. அதை எழுதும் பேனா யார் கையில் இருக்கிறதோ, அவர் பாரத்தை மற்றவர் தோளுக்கு மாற்றிவிடுகிறார்.

ரூபாய் வர்த்தகம் முடிந்தபோது அடி யார் மேல் விழுந்தது? சோவியத் சந்தையையே நம்பிக் கம்பளிப் பின்னல் செய்துவந்த லூதியானா ஆலைகள் மேல் விழுந்தது. ரஷ்யாவை எதிர்பார்த்து நின்ற தென்னிந்தியத் தேயிலை மேல் விழுந்தது. ஒரே கடையை நம்பிய சீட்டுக்கு, அந்தக் கடை மூடினால் என்ன கதி என்பதை அந்தத் தொழிலாளர்கள் வயிற்றால் படித்தார்கள்.

ஈரானும், மீண்டும் ரஷ்யாவும்

பிறகு ஈரான் வந்தது. அமெரிக்கத் தடையால் ஈரானுக்கு டாலர் அனுப்ப வழி அடைந்தது. 2012 முதல், வாங்கிய எண்ணெயின் விலையில் நூற்றுக்கு 45 பங்கை ரூபாயாக, கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட யூகோ பாங்கில் ஈரானின் கணக்கில் நம் நாடு கட்டியது. ஈரான் அந்த ரூபாயைக் கொண்டு பாசுமதி அரிசியும் தேயிலையும் மருந்தும் வாங்கியது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த கைகளுக்கு அந்தக் கணக்கிலிருந்து கூலி கிடைத்தது என்று சொன்னால் தப்பில்லை. 2019 மே மாதத்தில் அமெரிக்கா சலுகையை நிறுத்தியது. நம் அரசும் ஈரான் எண்ணெயை நிறுத்தியது. எண்ணெய் வராவிட்டால் கணக்கில் புது ரூபாய் ஏறாது. உள்ளது கரையக் கரைய, அரிசி அனுப்பியவர்களின் பாக்கிக்கு ஆபத்து வந்தது. கிணற்றில் ஊற்று நின்ற பிறகு எத்தனை நாள் இறைக்க முடியும்?

ரஷ்யாவில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே கிணறு நிரம்பி வழிந்தது, இறைக்கத்தான் ஆளில்லை! 2022 ஜூலை 11-ஆம் தேதி ரிசர்வ் பாங்கு, வெளிநாட்டு வாணிபத்தை ரூபாயில் தீர்க்கச் சிறப்பு வாஸ்ட்ரோ கணக்குகளை அனுமதித்தது. ரஷ்யப் பாங்குகள் இங்கே கணக்குத் திறந்தன. ஆனால் சரக்குக் கணக்கைப் பாருங்கள். 2022–23-ல் ரஷ்யாவிடமிருந்து நாம் வாங்கியது ஏறக்குறைய 4,600 கோடி டாலர் பெறும். பெரும்பாலும் கச்சா எண்ணெய். அவர்களுக்கு நாம் விற்றது சுமார் 310 கோடி டாலர்தான். பதினைந்து ரூபாய்க்கு வாங்கி ஒரு ரூபாய்க்கு விற்றோம். மீதி பதினாலு ரூபாயை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள்?

2023 மே மாதத்தில் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளிநாட்டு அமைச்சர் லாவ்ரோவ் அதை வெளிப்படையாகவே சொன்னார்: இந்தியப் பாங்குகளில் கோடிக்கணக்கான ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும், அதற்கு வேறு நாணயமாக மாற்ற வேண்டும் என்றார். மைத்துனன் கடையில் சீட்டு மலையாகக் குவிந்தது. அலமாரியில் அவர்களுக்கு வேண்டிய சரக்கு இல்லை. ஆகவே எண்ணெய்க் கம்பெனிகள் பல, ஐக்கிய அரபு நாட்டின் திர்ஹாமில் பணம் கட்டத் தொடங்கின. டாலர் வாசலைத் தவிர்க்கப் போய் இன்னொரு வாசலைத் தேட வேண்டியதாயிற்று. 2024–25-லும் நிலை பெரிதும் மாறவில்லை: வாங்கியது 6,300 கோடி டாலருக்கு மேல், விற்றது 490 கோடி டாலர் அளவு.

ஈரான் கணக்கு வற்றியது, ரஷ்யக் கணக்கு தேங்கியது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே: போக்கும் வரவும் சமமாக இல்லை. பேரேட்டில் எந்த வித்தை காட்டினாலும் சரக்கின் கணக்கு ஒப்பவில்லை என்றால் பணத்தின் கணக்கு ஒப்பாது.

தைத்தவன் கூலி

இப்போது நம் பனியன் கம்பெனித் தோழரிடம் திரும்புவோம். அவருடைய முதலாளி சொன்னது முழுப் பொய்யா? இல்லை. அரிய நாணயத்தில் விலை பேசினால் ஆபத்து உண்டுதான். 2022-ல் ரூபிளைப் பாருங்கள். மார்ச்சு 11-ஆம் தேதி ரஷ்ய மத்திய பாங்கின் விலைப்படி டாலருக்கு 120 ரூபிள். ஜூன் 30-ஆம் தேதி 51 ரூபிள். 12 லட்சம் ரூபிள் மார்ச்சில் 10,000 டாலர். அதே 12 லட்சம் ஜூனில் 23,500 டாலர்! எகிப்தில் 2024 மார்ச்சு 6-ஆம் தேதி ஒரே நாளில் டாலருக்கு 31 பவுண்டாக இருந்தது ஏறக்குறைய 50 ஆகிவிட்டது. முதல் நாள் எகிப்து பவுண்டில் விலை பேசியவன் மறுநாள் தலையில் கை வைத்தான்.

டாலரில் விலை பேசினால் இந்த ஆபத்துக்கு மருந்து உண்டு. மூன்று மாதம் கழித்து வரும் டாலரை இன்றே ஒரு விலைக்குப் பாங்கில் பேசி வைக்கலாம், 'ஃபார்வர்டு' என்பார்கள். அரிய நாணயத்துக்கு அந்த மருந்து கிடைப்பது கஷ்டம். கிடைத்தாலும் விலை அதிகம். இதெல்லாம் உண்மை.

ஆனால் தோழர்களே, உண்மையின் மறு பாதியையும் கேளுங்கள். 2022 தொடக்கத்தில் டாலருக்கு 74 ரூபாய் இருந்தது. அந்த வருஷ முடிவில் 82 ரூபாய்க்கு மேல் போயிற்று. டாலரில் ஏற்றுமதி செய்தவருக்கு ஒவ்வொரு டாலரிலும் எட்டு ரூபாய் கூடக் கிடைத்தது. பஞ்சு விலை, நூல் விலை என்று அதில் செலவு உண்டு என்பார்கள்; இருக்கட்டும். அன்றைக்கு எந்த முதலாளியாவது தையல் மெஷின் பக்கம் வந்து, 'நாணயம் நமக்குச் சாதகமாகப் போயிற்று, இந்தா உன் பங்கு' என்று சொன்னாரா? நாணயம் ஏறினால் லாபம் அவருக்கு. இறங்கினால் காத்திருப்பு நமக்கு! இது என்ன நியாயம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டமே கூலிக்குக் கெடு வைத்தது. 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு, மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள்ளும், வாரக் கூலியை அந்த வாரத்தின் கடைசி வேலை நாளிலும் தர வேண்டும் என்கிறது. 'வெளிநாட்டுப் பணம் வந்த பிறகு' என்று அதில் எங்கும் இல்லை. ஏற்றுமதி செய்தவருக்கு, பணத்தை நாட்டுக்குள் கொண்டுவர அரசு மாதக்கணக்கில் அவகாசம் தருகிறது. நம் வீட்டு அடுப்புக்கு அப்படி அவகாசம் தருவார் யாரும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. சரக்குக் கப்பலேறும் முன்பே, நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் ஏற்றுமதியாளருக்குப் பாங்குக் கடன் கிடைக்கிறது. 'பேக்கிங் கிரெடிட்' என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். வாங்கியவன் பணம் தராமல் போனால் நஷ்டத்தை ஈடுகட்ட, ஏற்றுமதிக் கடன் காப்பு செய்ய 1957 முதல் மத்திய அரசின் நிறுவனமே இருக்கிறது. ஆக, தைத்தவனின் கூலிக்கென்று கடன் வாங்க ஏற்பாடு இருக்கிறது. நஷ்டத்துக்குக் காப்பும் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ரூபிள் வரட்டும் என்று கூலியை நிறுத்துவது, நம் மடியிலிருந்து வட்டியில்லாக் கடன் வாங்குவதுதான்!

இங்கே ஒரு நியாயமான பேச்சும் பேசியாக வேண்டும். ஜாப் வொர்க் எடுத்து நாலு மெஷினோடு நடத்தும் சின்ன யூனிட்காரருக்கு பேக்கிங் கிரெடிட் கிடைப்பதில்லை. அவருக்கும் மேலே இருப்பவர் பாக்கி வைத்திருக்கிறார். ரூபிளின் பெயரைச் சொல்லிப் பெரியவர் நடுவில் உள்ளவரை அழுத்துகிறார். நடுவில் உள்ளவர் சின்னவரை அழுத்துகிறார். சின்னவர் நம்மை அழுத்துகிறார். அடியில் இருப்பவன்தான் கீழே யாரும் இல்லாதவன். ஆகவே நம் சண்டை சின்ன யூனிட்காரரோடு முடிந்துவிடக் கூடாது. ஆர்டர் எடுத்த இடம் வரை போக வேண்டும்.

நான்கு கேள்விகள்

இனி 'வெளிநாட்டுப் பணம் வரவில்லை' என்று யாராவது சொன்னால், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டாம். தனியாகவும் போக வேண்டாம். சங்கமாகப் போய் நான்கு கேள்வி கேட்போம்.

ஒன்று: இன்வாய்ஸ் எந்த நாணயத்தில் எழுதியிருக்கிறது? டாலரிலா, ரூபாயிலா, ரூபிளிலா? ரூபாயில் எழுதியிருந்தால் நாணயம் இறங்கிய நஷ்டம் வாங்குகிறவனுடையது; இங்கே அந்தச் சாக்கு செல்லாது.

இரண்டு: எந்த நாள் விலை என்று பேசியிருக்கிறது? ஆர்டர் எடுத்த நாளா, கப்பலேறிய நாளா, பணம் வரும் நாளா?

மூன்று: இந்த ஆர்டருக்கு பேக்கிங் கிரெடிட் வாங்கியாயிற்றா? வாங்கியிருந்தால் அதில் கூலிக்கு உரியது எங்கே போயிற்று?

நான்கு: கடன் காப்பு எடுத்திருக்கிறதா? எடுக்கவில்லையென்றால், காப்புக் கட்டணத்தை மிச்சம் பிடித்தவர் நஷ்டத்தை நம் தலையில் ஏன் வைக்கிறார்?

விவசாயத் தொழிலாளத் தோழர்களே, இது ஆலைத் தொழிலாளரின் விவகாரம் மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். தேயிலைக்கும் முந்திரிக்கும் அரிசிக்கும் மிளகாய்க்கும் இதே வழிதான். 'ஏற்றுமதி நின்றுவிட்டது, கூலியைக் குறை' என்று களத்து மேட்டில் குரல் கேட்டால், இதே நான்கு கேள்வியை வியாபாரியிடமும் மண்டிக்காரரிடமும் கேட்கச் சொல்லுங்கள்.

அவரவர் நாணயத்தில் நாடுகள் வாணிபம் செய்யட்டும். ஒரு நாட்டின் வாசலில் உலகமே காத்துக் கிடக்க வேண்டாம் என்பதை நாம் முழு மனத்தோடு ஆதரிக்கிறோம். ஆனால் அது நிலைக்க வேண்டுமானால், வாங்குவதற்கு ஈடாக விற்க வேண்டும். விற்கத் தொழில் வளர வேண்டும். தொழில் வளர, தொழில் செய்கிறவன் வாழ வேண்டும். எந்த நாள் விலை என்ற ஷரத்தை எழுதும்போது, அடியில் இருக்கிறவனையும் நினைத்து எழுத வேண்டும்.

மிராசுதார் சீட்டைப் பற்றிச் சொன்ன தோழரை மீண்டும் கேட்டோம்: "கடைசியில் அந்தச் சீட்டு எப்படி ஒழிந்தது?" அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கடைக்காரன் நல்லவனாக மாறி ஒழியவில்லை, அண்ணே. ஒரு அறுப்புக் காலத்தில் எல்லோரும் சேர்ந்து களத்தில் உட்கார்ந்துவிட்டோம் என்று அப்பா சொல்வார். 'நெல்லாக அளந்தால் அருவாளை எடுக்கிறோம். சீட்டென்றால் நீங்களே அறுத்துக்கொள்ளுங்கள்' என்றார்களாம். மறுநாள் மரக்கால் வந்தது."

தோழர்களே, சனிக்கிழமை வருகிறது. அந்த பனியன் கம்பெனி வாசலுக்கு எல்லோரும் சேர்ந்து போவோம்.